அம்மாவின் பெயருக்கு வந்த மின்னஞ்சல்

பதுளை பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே போகும் பாதையில் எனக்கு ஒரு கம்யூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, டைப்பிங், லெமினேட், ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் என்று போர்டில் எழுதி வைத்திருக்கிறேன். போர்டில் இல்லாத ஒரு வேலையும் உண்டு. போனை நீட்டிக்கொண்டு வந்து "இது நெசமாங்க, பொய்யாங்க?" என்று கேட்பவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது. சில வருடங்களாக மற்ற எல்லா வேலையையும் விட இதுதான் அதிகம். சத்தியமாக அலுத்துவிட்டது.

உங்கள் பொதி சுங்கத்தில் நிற்கிறது என்று வரும். கனடாவில் பழம் பறிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று வரும். நிவாரணம் உங்கள் கணக்கில் விழ இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று அரசாங்கச் சின்னத்தோடு வரும். நான் முதலில் அனுப்பியவரின் முகவரி எப்படி முடிகிறது என்று பார்ப்பேன். அரசாங்க முகவரி எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். அப்படி முடியவில்லை என்றால் சந்தேகம். அவசரப்படுத்தினால் சந்தேகம். அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பு என்றால் இன்னும் சந்தேகம். "அந்த மெயில்ல இருக்கிற நம்பருக்கு எடுக்காதீங்க, ஆபீஸ் நம்பரை நீங்களே தேடி எடுங்க" என்று வருகிற எல்லோருக்கும் தொண்டை வறளச் சொல்வேன். நன்றாகத் தலையாட்டிவிட்டு, வாசலைத் தாண்டியதும் அந்த நம்பருக்கே எடுப்பார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எந்தப் படிவத்தில் மின்னஞ்சல் கேட்டிருந்தாலும் பெரும்பாலும் என் கடை முகவரியைத்தான் போடுவார்கள். ஒற்றை அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வாசலுக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே ஒரு மேசையில் கிடந்து, யாருக்காவது ஞாபகம் வந்தால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வைத்துக் கையில் கொடுப்பார்கள். கடிதத்துக்கே இந்தக் கதி. மின்னஞ்சலுக்கென்று தனி முகவரி வைத்துக்கொள்ள யாருக்குத் தோன்றும்? வேலை கேட்டவன், கல்யாணப் பதிவு கேட்டவன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கேட்டவள் என்று ஊரே என் பெட்டிக்குள் இருக்கிறது. என் அக்காவும் அதில் ஒருத்தி.

அக்கா, நாங்கள் பிறந்த அதே லயக் காம்பராவில்தான் குடியிருந்தாள். எல்ல என்ற ஊர்ப் பக்கம் போகும் வழியில் உள்ள தோட்டம். அம்மா கொழுந்தெடுத்த மலையிலேயே அக்காவும் கொழுந்தெடுத்தாள். நான் படித்து, டவுனுக்கு வந்து, கடை போட்டுத் தப்பித்துக்கொண்டேன். அம்மா இறந்த பிறகு அக்கா, மச்சான், இரண்டு மகள்கள் என்று அந்த ஒரு காம்பராவில் நான்கு பேர்.

மலையெல்லாம் சரிந்த அந்தப் பெருமழை பெய்து ஓய்ந்தபோது லயத்துக்கு மேலே மலையில் குறுக்காக ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. ஆள் இறங்கினால் இடுப்பு வரை உள்ளே போகும். குசினிப் பக்கம் சேறு வந்து சுவரைத் தள்ளிவிட்டிருந்தது. எங்கள் லயத்தில் உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் இருந்தது, அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. உடுத்திய துணியோடு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் கோயில் மண்டபத்துக்கு மாற்றினார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் நடுவில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்காக அங்கேயே இருந்தார்கள். மூத்தவள் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படிப்பாள்.

அதிகாரிகள் வந்து லயச் சுவரில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். இங்கே இனிமேல் குடியிருக்கக் கூடாது, வேறு இடத்தில் காணி தருவோம் என்றார்கள். பேர் எழுதினார்கள். பிறகு வேறு அதிகாரிகள் வந்து, மின்னஞ்சலும் கேட்கிற ஒரு படிவத்தில் மறுபடியும் பேர் எழுதினார்கள். அதற்கும் பிறகு யாரும் வரவில்லை. மழை விட்டு வெயில் காய்ந்ததும் சில குடும்பங்கள் நோட்டீசைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி லயத்துக்கே திரும்பிப் போய்விட்டன. மச்சானுக்கும் அந்த எண்ணம் வந்துவிட்டது. "அடுத்த மழைக்குள்ள காணி கெடைக்கலன்னா நாம போயிரலாம், இங்க மானத்தோட இருக்க முடியல" என்று சொல்லத் தொடங்கினார். அக்கா மாட்டேன் என்று நின்றாள். "அந்த வெடிப்புக்குக் கீழ என் புள்ளைங்கள படுக்க வைக்க மாட்டேன்" என்பாள். வீட்டில் இதே சண்டை. வீடு என்று சொல்கிறேன் பாருங்கள், சேலைக்கு இந்தப் பக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மின்னஞ்சல் வந்தது. கடையில் ஆள் இல்லை, நான் ரொட்டியைக் கட்டச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். மண்சரிவால் பாதிக்கப்பட்டோருக்கான காணி வழங்கல், தாங்கள் தெரிவுசெய்யப்பட்டுள்ளீர்கள், குறித்த தினத்தில் மூலப் பத்திரங்களுடன் பதுளை நகரில் உள்ள மண்டபத்துக்கு நேரில் சமூகமளிக்கவும், வருகையை இதற்குப் பதிலனுப்பி உறுதிசெய்து அடையாள அட்டையின் படத்தையும் இணைக்கவும், தவறினால் பெயர் நீக்கப்படும். மேலே லயத்து எண், காம்பரா எண். அதற்கும் மேலே, பெறுநர் என்ற இடத்தில், முதலெழுத்தோடு சேர்த்து என் அம்மாவின் முழுப்பெயர்.

கையில் இருந்த ரொட்டியை வைத்துவிட்டேன். அம்மா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அந்தப் பெயரை எழுத்தில் பார்த்தே எவ்வளவோ காலம். அனுப்பிய முகவரி யாரும் சும்மா திறந்துகொள்ளக்கூடிய இலவச முகவரி. அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கெடு வேறு வைத்திருக்கிறான், அடையாள அட்டை வேறு கேட்கிறான். சந்தேகப்பட இடமே இல்லை, பச்சைப் பொய். கோயில் மண்டபத்து முகாமில் இப்படி ஒரு செய்தியை நம்பி ஒரு பெண் வங்கிக் கணக்கில் இருந்ததை எல்லாம் பறிகொடுத்திருந்தாள். இப்போது செத்துப்போன என் தாயின் பெயரைப் பிடித்துக்கொண்டு என்னிடமே வருகிறானா என்று எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது.

இப்படிப்பட்டதற்குப் பதில் போடவே கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் நான். அன்றைக்குப் போட்டேன். "நீங்கள் தேடுகிற ஆள் செத்துப் பல வருடம் ஆகிறது. மயானத்தில் போய்த் தேடுங்கள். செத்தவர்களையாவது நிம்மதியாக இருக்க விடுங்கள்." இதற்குப் பிறகு ஒரு வசவும் இருந்தது, அதை இங்கே எழுதப் போவதில்லை. அனுப்பிவிட்டு மிச்ச ரொட்டியைத் தின்றேன். மனதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அக்கா சாமான் வாங்க டவுனுக்கு வந்தவள் கடைக்கு வந்தாள். பெரிய வீரம் மாதிரி நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"காணின்னா போட்டிருந்துச்சு?"

"ஆமா. எல்லாம் பொய்க்கா. அம்மா பேருக்கு யாராச்சும் காணி குடுப்பாங்களா?"

"எங்க காம்பரா நம்பரும் இருந்துச்சுன்னு சொல்ற."

"எங்கயாச்சும் களவெடுத்திருப்பான்."

"சரி" என்றாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள், "எதுக்கும் ஒருக்கா கேட்டுப் பாரு புள்ள. அவரு போன கெழமயே தகரம் வாங்கி வச்சுட்டாரு, லயத்துக் கூரையில போட" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் கேட்டேன். எல்லோருக்கும் சொல்கிற மாதிரியே, மின்னஞ்சலில் இருந்த நம்பரை விட்டு, காணி வேலையைப் பார்க்கிற கொழும்பு அலுவலகத்தின் நம்பரை நானே தேடி எடுத்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். ஒரு விண்ணப்பத்தை முழுதாக டைப் செய்து முடிக்கும் வரை அந்தப் பாட்டு ஓடியது. கடைசியில் ஒரு பெண் சிங்களத்தில் பேசினாள். என் சிங்களம் ஒன்றும் மோசமில்லை, சொன்னேன். இது மாவட்டத்து வேலை, பதுளையில் கேளுங்கள் என்றாள். நான் பதுளையில்தான் இருக்கிறேன் என்றேன். வைத்துவிட்டாள்.

பிரதேச செயலகத்துக்குப் போனேன். கடையைப் பூட்டிவிட்டு, வரிசையில் நின்று, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாறி. கடைசி மேசையில் இருந்த தமிழ்ப் பிள்ளை என் போனை வாங்கிப் பார்த்தாள். என்னை விடக் களைத்துப்போன முகம். "எங்களுக்கு இப்படி ஒன்னும் வரல்லக்கா" என்றாள்.

"அப்ப பொய்தானே?"

"அப்படிச் சொல்ல ஏலாது. எங்களுக்குச் சொல்லாமலும் செய்வாங்க."

"நெசமா?"

"அப்படியும் சொல்ல ஏலாதுக்கா."

நான் அவளைத் திட்டவில்லை. என் கடையில் நான் சொல்கிற பதிலும் பாதி நேரம் இதுதான். ஆனால் வெளியே வந்து படியில் நின்றபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தான் எழுதிய கடிதமா இல்லையா என்று அரசாங்கத்துக்கே தெரியவில்லை என்றால், ரொட்டி தின்றுகொண்டிருந்த எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டொரு நாள் கழித்து, லயத்தில் அக்காவுக்கு அடுத்த காம்பராவில் இருந்தவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கடைக்கு வந்தார். அவருடைய மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அதிகாரிகள் நிரப்பிய படிவத்தில் மகனுடைய மின்னஞ்சலைப் போட்டிருந்தார். மகன் அனுப்பிவைத்த படத்தை போனில் காட்டி, "தங்கச்சி, இது நெசமா பொய்யா?" என்றார்.

அதே மின்னஞ்சல். அதே மண்டபம், அதே தினம். பெறுநர் என்ற இடத்தில் அவருடைய அப்பாவின் பெயர்.

"எங்க அய்யாவுக்குக் காணி குடுக்கிறாங்களாம்" என்று சொல்லி அவர் சிரித்தார். "மனுசன் போய்ச் சேர்ந்து எவ்வளவு காலம். லயத்துக் கடைசிக் காம்பராவுக்கும் வந்திருக்குதாம். அந்தப் பேருல உள்ளவரு பாஸ்போர்ட் கெடைச்சு அந்தக் காலத்துலயே இந்தியாவுக்குப் போயிட்டாரு. எவனோ பைத்தியக்காரன் அனுப்புறான்."

அவர் சிரிக்கச் சிரிக்க நான் போனை வாங்கி அந்தப் பெயரை மறுபடியும் படித்தேன். ஏமாற்றுக்காரனுக்கு உயிரோடு இருக்கிற ஆள் வேண்டும். வங்கிக் கணக்கு உள்ள ஆள், போன் வைத்திருக்கிற ஆள், ஆசைப்படுகிற ஆள். செத்தவரையும் கப்பல் ஏறியவரையும் லயம் லயமாகத் தேடிப் பிடித்து அவன் என்ன செய்வான்? எங்கள் லயத்தில் இன்னும் அவர்கள்தான் குடியிருக்கிறார்கள் என்று நம்பக்கூடியது உலகத்தில் ஒரே இடம்தான், தோட்டத்து ஆபீஸ் பதிவேடு.

தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கு போன் எடுத்தேன். அவர் என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். "காம்பரா மொதல்ல யாரு பேருல குடுத்தமோ அந்தப் பேருலதான் நிக்கும்" என்றார். "அம்மா போச்சு, மக இருக்கா, மருமகன் இருக்கான்னு யாரு வந்து மாத்தினது? நீ வந்து மாத்தினியா? காம்பரா யாரு பேருலன்னு காணி குடுக்கிறவங்க கேட்டாங்க. குடுத்தோம்."

உண்மைதான். லயத்தில் யாரும் எதையும் மாற்றுவதில்லை. பெற்றோர் போனால் பிள்ளைகள் அதே பாயில் படுப்பார்கள், அதே கொக்கியில் சட்டையை மாட்டுவார்கள், அவ்வளவுதான். அந்தக் காம்பரா எங்களுக்குச் சொந்தமே இல்லை என்னும்போது அதில் பெயர் மாற்ற என்ன இருக்கிறது? இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். டவுனில் உட்கார்ந்து முகவரியின் கடைசி எழுத்துகளைப் பார்த்துப் பழகியதில், நான் பிறந்த இடம் எப்படி நடக்கிறது என்று யோசிக்க மறந்துபோனேன்.

அன்று மாலையே இன்னொரு பதில் எழுதினேன். தமிழிலும் சிங்களத்திலும், கைகட்டி நிற்கிற மொழியில். முந்தைய மின்னஞ்சலை மன்னிக்கவும், அம்மா காலமானது உண்மை, அவருடைய மகள் குடும்பத்தோடு அந்தக் காம்பராவில் வசித்து வந்தார், அவர் நேரில் வருவார். அடையாள அட்டைப் படத்தை மட்டும் அனுப்பவில்லை, அதை நேரில் காட்டலாம் என்று விட்டுவிட்டேன். பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கடையில் யாருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தாலும் நடுநடுவே பெட்டியைத் திறந்து பார்த்தேன். கனடாவுக்குப் பழம் பறிக்கத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தினம் வந்தபோது அக்கா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மூலப் பத்திரங்களை ஒரு சொப்பிங் பையில் சுற்றி, சேலைக்குள் இடுப்பில் சொருகியிருந்தாள். "பொய்யா இருந்தா வெளிய எடுக்காத" என்று சொல்லி வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற மண்டபம் அது. வாசலில் ஒரு பொலிஸ்காரர் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. எந்த ஏமாற்றுக்காரனும் இவ்வளவு தத்ரூபமாகச் செய்ய முடியாது.

உள்ளே பிளாஸ்டிக் கதிரைகளில் எங்கள் தோட்டத்து ஆட்களும், அப்புத்தளைப் பக்கத்துத் தோட்ட ஆட்களும் நிறைந்திருந்தார்கள். மேடையில் ஒரு மேசை, அதில் ஒரு சிங்கள அதிகாரி, ஐம்பது தாண்டியவர். பக்கத்தில் மடிக்கணினியோடு ஒரு தமிழ்ப் பெண். அவள் மைக்கில் பெயரைப் படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பெயருக்குரியவர் இல்லாமல் வேறு யாரோ எழுந்தார்கள். "அவரு இல்லீங்க, நான் மகன்." "அவங்க தவறிட்டாங்க, நான் மருமக." அதிகாரி முதல் சில பேருக்கு நிமிர்ந்து பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். மரணச் சான்றிதழைப் பிறகு கொண்டு வாருங்கள், இப்போது இங்கே கையெழுத்து வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். அடுத்த காம்பரா அண்ணனும் தன் அய்யாவின் பெயருக்கு எழுந்து போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார்.

எங்கள் லயத்தில் எல்லோரையும் கூப்பிட்டு முடிந்தது. அடுத்த லயத்தைத் தொடங்கினார்கள். அம்மாவின் பெயர் வரவில்லை.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்க முடியாமல் எழுந்து மேசைக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தாள். பெயரையும் காம்பரா எண்ணையும் சொன்னேன். மடிக்கணினிப் பெண் தேடிப் பார்த்துவிட்டு, "அவங்க பேர் வெட்டியாச்சு. இறந்துட்டாங்கன்னு அறிவிச்சிருக்காங்க" என்றாள்.

"இங்க வந்த எல்லாரும் இறந்தவங்கதானேம்மா" என்றேன்.

"மத்தவங்களுக்கு அறிவிப்பு ஒன்னும் வரல்ல. இவங்களுக்கு மெயில் வந்திருக்கு" என்று திரையை அதிகாரி பக்கம் திருப்பினாள். எனக்கும் தெரிந்தது. மயானத்தில் போய்த் தேடுங்கள். அதற்குக் கீழே அந்த வசவு.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அதிகாரி அவளிடம் சிங்களத்தில் கேட்டார். அவள் மரியாதையாக, வசவை விட்டுவிட்டுச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "நீங்க எழுதினது?" என்று தமிழில் கேட்டார்.

"நீங்க பொய்யான ஆளுங்கன்னு நெனைச்சேன் சேர். அரசாங்க முகவரி இல்லாம இருந்துச்சு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அலுவலக முகவரி வேலை செய்யாமல் போய் எவ்வளவோ காலமாம், இதை அவருடைய மகள் வீட்டில் வைத்துத் திறந்து கொடுத்தாளாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அவரே எல்லோருக்கும் அனுப்பினாராம். இதைச் சிங்களத்தில், யாரிடமோ முறையிடுகிற மாதிரிச் சொன்னார். கோபம் இல்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாத மனிதர். பிறகு, வெட்டிய பெயரைத் திரும்பச் சேர்க்க கொழும்புக்கு எழுத வேண்டும், அது எப்போது முடியும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

அக்கா மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "சேர், மழ தொடங்கப் போகுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, கெஞ்சவில்லை. கதிரையில் இருந்த அண்ணன் எழுந்து, "அந்தம்மா மகதாங்க சேர் அது, எங்க அடுத்த காம்பரா" என்று குரல் கொடுத்தார். லயத்து ஆட்கள் இன்னும் சிலர் எழுந்து நின்றார்கள்.

அதிகாரி திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "மரண சர்டிபிகேட் இந்த ஆபீசுக்குக் குடுத்தீங்களா?"

"இல்ல சேர்."

"அப்ப எங்களுக்கு வந்தது மெயில் மட்டும். மெயில் யாரும் அனுப்பலாம். கோபத்தில கண்டபடி எழுதி யாரோ அனுப்பியிருக்காங்க. அதை நம்பி நாங்க ஒரு பேரை வெட்ட முடியாது." விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார். "இந்த மெயில் நெசமா, பொய்யா? நீங்க சொல்லுங்க."

எத்தனை பேருக்கு அந்தக் கேள்விக்கு யோசித்து யோசித்துப் பதில் சொல்லியிருப்பேன். அன்று யோசிக்கவில்லை. "பொய் சேர்" என்றேன்.

"பிறகு மன்னிப்புக் கேட்டு வந்ததும்?"

"அதுவும் பொய் சேர்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு எதையோ அழுத்தினாள். அம்மாவின் பெயர் மறுபடியும் வந்தது. பிற்பாடு முறைப்படி மகளுடைய பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும் என்றார் அதிகாரி. அம்மாவின் பெயர் அச்சடித்த தாளை அக்காவின் முன்னால் வைத்து, பெயருக்குக் கீழே அவளைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். அக்கா திரும்பி நின்று இடுப்பிலிருந்து பையை எடுத்து, அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்து, அதில் உள்ள மாதிரியே கையெழுத்து வைத்தாள். அவளிடம் ஒரு துண்டைக் கொடுத்தார்கள். காணித் துண்டின் இலக்கம் அதில் இருந்தது.

வெளியே வந்தோம். வெலிமடை பஸ் ஒன்று மரக்கறி மூட்டைகளோடு ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கால் வலிதான் தெரிந்தது. என் வாயாலேயே என் அம்மாவின் சாவைப் பொய் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வா, கடையில் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம் என்று கூப்பிட்டேன். அக்கா வரவில்லை. மண்டபத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மலை வெடித்த நாளில்கூட அழாதவள் அங்கே உட்கார்ந்து அழுதாள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பொலிஸ்காரர் என்னவென்று கேட்டார். ஒன்றும் இல்லை, காணி கிடைத்திருக்கிறது என்றேன்.

"லயத்துக்குப் பின்னால கத்தரிக்கா நட ஒரு பாய் விரிக்கிற இடம் கேட்டுச்சு அம்மா" என்றாள் அக்கா. "தொரை பங்களாவுக்கு எத்தன தடவ நடந்துச்சு. கடைசில நட்டதையும் தொரை ஆளுங்க வந்து புடுங்கிப் போட்டுட்டுத்தானே போனாங்க. அப்ப குடுத்திருந்தா என்னடி? உசுரோட இருந்துச்சேடி அம்மா, அப்ப குடுத்திருந்தா என்ன?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே மைக்கில் இன்னும் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.